நன்றிச்சில்லு

இசக்கி பேருந்தில் ஏறியதும் வழக்கம்போல எல்லோரும் அழுதார்கள்.

எழுந்து நின்று, வலது கையை நெஞ்சில் வைத்து, தலை குனிந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுதார்கள். ஓட்டுநர் இல்லாத அந்த நிலா நகரப் பேருந்துகூட மரியாதைக்கு விளக்கை மங்க வைத்தது. ஒரு நிமிடம் ஆனதும் கண்ணீர் தானாக நின்றது. எல்லோரும் அவரவர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார்கள். இசக்கி செயற்கைக் காலோடு கம்பியைப் பிடித்தபடி நின்றே போனாள்.

குறுங்கோள் போர் முடிந்த கையோடு வந்த ஏற்பாடு இது. குடிமக்கள் காதுக்குப் பின்னால் ஒரு நன்றிச்சில்லு. போரிட்டுத் திரும்பியவர்களின் சட்டையில் ஒரு வில்லை. வில்லை பக்கத்தில் வந்தால் சில்லு விழித்துக்கொள்ளும். தொண்டை அடைக்கும், கண்ணீர் வரும். நன்றி சொல்ல யாரும் மறந்துவிடக் கூடாதல்லவா? யாரும் மறக்கவில்லை. அதைத்தான் சில்லு பார்த்துக்கொள்கிறதே என்று, அதற்குமேல் எதையும் செய்யவுமில்லை.

இசக்கிக்கு வேண்டியது ஒரு வாடகை வீடு. படைக் குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். முகவரி இருந்தால்தான் விடுதியிலிருந்து மகள் நிறைமதியை அழைத்துவர முடியும். நேற்றுத்தான் தணிகாசலம் வீட்டு மாடியைக் கேட்டாள். மனிதர் வாசலில் குனிந்து நின்று, கண்ணைத் திறக்காமலே தேம்பினார்.

"நீங்க இல்லன்னா எங்களுக்கு மூச்சே இல்ல தாயீ. ஆனா போருக்குப் போனவங்க தூக்கத்துல கத்துவாங்களாமே? பேரப்புள்ளைங்க இருக்கிற வீடு. தப்பா எடுத்துக்காதீங்க."

கதவைச் சாத்திய பிறகும் விம்மல் கேட்டது. அவர் விம்மிய காற்று வரும் குழாயைக் காக்கப் போய்த்தான் அவளுக்குக் கால் போயிருந்தது.

"இன்னிக்கு சும்மா ஒரு பொம்பளையா போய் அதே வீட்டக் கேக்கப் போறேன்டி" என்று மகளிடம் பேசியில் சொன்னாள்.

"வில்லைய என்னம்மா பண்ணுவே?"

குப்பையில் போட அவளுக்கு மனம் வரவில்லை. தெருமுனையில் கீரை விற்கும் தானியங்கி வண்டி நின்றிருந்தது. அதன் கூரைக்கு அடியில் ஒட்டிவைத்தாள். சாயங்காலம் கிளம்பிய இடத்துக்கே திரும்பிவிடும், அப்போது எடுத்துக்கொள்ளலாம்.

தணிகாசலத்துக்கு அவளை அடையாளமே தெரியவில்லை. நேற்று முகத்தைப் பார்த்திருந்தால்தானே! செயற்கைக் காலையும் புடவை மறைத்திருந்தது. இன்று சிரித்துக்கொண்டே மாடியைச் சுற்றிக் காட்டினார், கூடத்தில் உட்காரவைத்து மோர் கொடுத்தார், சாவியைக் கையில் வைத்தார்.

"நல்ல குடும்பம்னு மூஞ்சியிலேயே தெரியுதும்மா. நாளைக்கே புள்ளையக் கூட்டிட்டு வந்துடு."

இசக்கி மோர்க் குவளையைக் கீழே வைத்தாள். சந்தோஷத்தில் மகளுக்குச் சொல்லப் பேசியை எடுத்தாள்.

தெருவில் குரல் கேட்டது. "கீரே... கீரே..."

தணிகாசலம் துள்ளி எழுந்தார். கை நெஞ்சுக்குப் போனது, தலை குனிந்தது, கண் மூடியது, தாரை தாரையாகக் கண்ணீர். பக்கத்தில் சில்லு விழிக்காத ஒருத்தி இருக்கிறாள் என்பதையும் அவர் சில்லு அவருக்குச் சொல்லிவிட்டது. போர்க்களம் போனவர்களுக்கு யாரும் சில்லு பொருத்துவதில்லை.

"ஏம்மா, எழுந்திரும்மா! தியாகி போறாங்க!"

"அது கீரை வண்டி சார்."

"அடிப்பாவி! அவங்க காத்தக் காப்பாத்திக் குடுக்கலன்னா இப்படி சட்டமா உக்காந்து மோர் குடிப்பியா நீ? ஒரு நிமிஷம் எழுந்து நிக்க வலிக்குதா?"

"வலிக்குது சார். காலைக் குடுத்துட்டு வந்தவ நான்தான். கண்ணத் தொறந்து பாருங்க!" அவள் கத்தினாள். "நேத்தும் பாக்கல. இன்னிக்காவது ஒரு தடவ பாருங்க!"

அவர் கண்ணை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"பொய் வேறயா? நன்றி கெட்டவளுக்கெல்லாம் என் வீட்டுல இடமில்ல. வை சாவிய!"

அவள் மேசையில் வைத்த சாவியைத் தடவி எடுத்துக்கொண்டு, கண்ணை மூடியபடியே வாசலுக்குப் போய்க் கை கூப்பினார். தெரு முழுக்கத் தலைகள் குனிந்திருந்தன.

"மன்னிச்சிடுங்க ஐயா, இந்தக் காலத்து ஜனங்க இப்படித்தான். எங்க வீடு உங்க வீடு மாதிரி. உங்களுக்கு இல்லாத வீடா!"

வண்டி நின்றது.

"முருங்கையா, பொன்னாங்கண்ணியா?" என்று கேட்டது. "எத்தனை கட்டு?"