ஜெயிலர் கொடுத்த பால்

"அம்மா இங்கேயே நிக்கட்டும். பொண்ணு மட்டும் உள்ள வா" என்றார் ஜெயிலர்.

தேஜோ அம்மாவின் கையை விட்டுவிட்டு அவர் பின்னால் நடந்தாள். அவளுக்கு ஒன்பது வயது.

அவளுடைய அப்பா பக்ஷீஷ் சிங், "வெள்ளைக்காரனுக்கு நிலவரி கட்டாதீங்க" என்று பஞ்சாப் முழுக்க ஊர் ஊராகப் பேசியவர். அதற்காகத்தான் இந்தச் சிறை. இங்கே கைதிகளைச் சாட்டையால் அடித்தார்கள். அதை நிறுத்தும்வரை சாப்பிடுவதில்லை என்று அவரும் மற்றக் கைதிகளும் உறுதியாக இருந்தார்கள்.

ஜெயிலர் ஒரு பித்தளைத் தம்ளரை நீட்டினார். பாதாம் போட்ட சூடான பால்.

"உன் கையால குடு. குடிச்சா பிழைச்சுக்குவார்."

தேஜோ தம்ளரை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கயிற்றுக் கட்டிலில், அவள் பாப்பு என்று கூப்பிடும் அப்பா கிடந்தார். ஊரையே கூட்டும் குரல் உள்ளவர், இப்போது முணுமுணுத்தார்.

"தேஜோவா? வளந்துட்டியே!"

"பாப்பு, பசிக்கலையா?"

"பசிக்குதும்மா. பக்கத்து அறைக்காரங்களுக்கும்தான் பசிக்குது. நான் மட்டும் குடிக்கலாமா?"

தேஜோவுக்கு அழுகை முட்டியது. குடிக்காவிட்டால் பாப்புவுக்கு என்ன ஆகும்?

அப்போதுதான் மூலையில் படப்பெட்டியோடு நின்றவரைப் பார்த்தாள்.

"இவர் எதுக்கு?"

"ஞாபகத்துக்கு ஒரு படம்" என்றார் ஜெயிலர்.

"யாருக்குக் காட்டுவீங்க?"

"எல்லா அறைக்கும்தான்!" என்று படக்காரர் உளறிவிட்டார். ஜெயிலர் அவரை முறைத்தார். பிறகு தேஜோவிடம் குனிந்தார்.

"அவர் குடிக்கக்கூட வேணாம். தம்ளரை உதட்டுல வை, அது போதும்."

தேஜோ யோசித்தாள். பாப்பு பிழைக்க வேண்டும் என்றால், குடிக்க வேண்டாம் என்று ஏன் சொல்கிறார்? பாப்பு குடித்துவிட்டதாகப் படத்தைக் காட்டி மற்றவர்களை ஏமாற்றப் போகிறார்கள்!

அப்பாவுக்குத் தலையைத் திருப்பக்கூடத் தெம்பில்லை. அவர் மகளையே பார்த்தார்.

படக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். "அசையாதீங்க! ஒண்ணு... ரெண்டு..."

தேஜோ தம்ளரைத் தூக்கினாள். மடக் மடக்கென்று தானே குடித்தாள். நாக்கு சுட்டது. நிறுத்தவில்லை.

பளிச்!

"ஏய்!" என்று கத்தினார் ஜெயிலர்.

தேஜோ மேலுதட்டில் பால் மீசையோடு நின்றாள். "தீந்துபோச்சு" என்றாள்.

கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. பாப்பு விலா வலிக்க வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் அம்மா பதறினாள். "குடிச்சாரா?"

"இல்லம்மா. நான் குடிச்சுட்டேன்." நடந்ததைச் சொல்லும்போதே தேஜோ உடைந்து அழுதாள். "பாப்புவுக்கு ஏதாவது ஆயிடுமா?"

அம்மா அவளை இறுக அணைத்துக்கொண்டாள்.

அதன்பின் அந்த வீட்டில் யாருக்கும் ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை.

ஒரு நாள் காலையில் சிறைக் காவலர் ஒருவர் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"பெஹன்ஜி! அக்கா! இனிமே சாட்டையடி கிடையாதுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க! எல்லாரும் ஒண்ணா உக்காந்து கஞ்சி குடிச்சாங்க."

"பாப்பு?" என்றாள் தேஜோ.

"அவரா? இன்னும் கொஞ்சம் ஊத்துங்கன்னு கேட்டு வாங்கிக் குடிச்சாரும்மா!"