சுயேச்சை வேட்பாளரின் பல் செட்

காலை ஏழு மணிக்குப் பொன்னையா போட்ட அலறலில் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளே திரண்டு ஓடி வந்தன. ஆனால் அவர் என்ன சொல்லி அலறுகிறார் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்காததற்குக் காரணமும் அதே அலறலில்தான் இருந்தது. அவருடைய பல் செட்டைக் காணவில்லை.

ஜன்னல் விளிம்பில் கண்ணாடிக் கிளாஸ் வைத்த இடத்திலேயே இருந்தது. தண்ணீர் சிந்தவில்லை. மேலே மூடிய சின்னத் தட்டும் நகரவில்லை. உள்ளே ஊற வேண்டிய மேல் செட்டும் கீழ் செட்டும்தான் மாயம்.

வேறொரு நாளாக இருந்தால் எல்லாரும் சிரித்துவிட்டுக் கொழுந்தெடுக்கப் போயிருப்பார்கள். அன்று மாலை பண்டாரவளையில் பிரதேச சபைத் தேர்தலின் கடைசிக் கூட்டம். சபைத் தலைவரான தவிசாளர் பதவிக்கு மும்முனைப் போட்டி. விசிறிச் சின்னத்தில் சட்டத்தரணி துஷாந்த், வண்டில் சின்னத்தில் ஹாட்வெயார் கடை இத்ரூஸ், தேநீர்க் கேத்தல் சின்னத்தில் ஒரு சின்னச் சுயேச்சைக் குழுவோடு பொன்னையா. மூவரும் ஒரே மேடையில் பேச வேண்டும். மற்ற இருவருக்கும் கட்சி இருந்தது, வாகனம் இருந்தது, கொழும்பிலிருந்து வந்த பெரிய பெரிய படங்கள் இருந்தன. பொன்னையாவிடம் இருந்தது குரல் ஒன்றுதான். மலைக்கு இந்தப் பக்கம் அவர் பேசினால் அந்தப் பக்கத்து மலையில் நிற்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்தக் குரல்தான் இப்போது காற்றுப் போன டியூப்பாகக் கிடந்தது.

சார்ஜன்ட் றில்வானைப் பொலிஸ் பொறுப்பதிகாரி கூப்பிட்டுச் சொன்னது இரண்டே வாக்கியம். தேர்தல் நேரத்தில் வேட்பாளரின் பல்லும் அரசியல்தான். கூட்டத்துக்கு முன்னால் கண்டுபிடி.

றில்வான் காலைச் சாப்பாடு சாப்பிடாமலே மோட்டார் சைக்கிளை எடுத்தார். பூனாகலை வீதியிலிருந்து பிரிந்து தோட்டத்துக்கு ஏறும் பாதையில் சைக்கிள் அவரை ஏற்றியதை விட, அவர் சைக்கிளைத் தள்ளிய நேரம்தான் அதிகம். போன மழைக்கு இந்தப் பாதையில்தான் ஒரு கர்ப்பிணியை டிராக்டர் பெட்டியில் ஏற்றிப் போனார்கள். பாதி வழியில், கொட்டும் மழையில், பெட்டிக்குள்ளேயே குழந்தை பிறந்தது. ரோடு போட்டுத் தருவோம் என்று கேத்தலுக்கு வாக்குக் கேட்டு லயம் லயமாக ஏறி இறங்கும் பெண்கள் எல்லாரும் அந்த டிராக்டருக்குப் பின்னால் நடந்து போனவர்கள்.

"ஷார்ஷன் மாத்தயா, ஷிருடிட்டாங்க," என்றார் பொன்னையா.

மீதியை அவர் மனைவி இராக்கம்மா எடுத்துச் சொன்னாள். நேற்று மாலை இத்ரூஸ் பிஸ்கட் பெட்டியோடு வந்து நலம் விசாரித்தார். அவர் போனபின் துஷாந்த் வந்து உள் காம்பராவில் பொன்னையாவோடு தனியாகப் பேசினார். அடுப்படியிலிருந்து இவள்தான் தேத்தண்ணி கொடுத்தாள். படுக்கும்போது பல் கிளாசில் இருந்தது. ஜன்னலுக்குக் கொக்கி கிடையாது. வெளியே நின்று யாரும் கையை நீட்டலாம்.

றில்வான் வெளியே போய்ப் பார்த்தார். ஜன்னலுக்குக் கீழே இராக்கம்மாவின் லீக்ஸ் பாத்தி. மழைக்கு மண் பஞ்சு மாதிரி ஊறியிருந்தது. அவர் ஒரு கால் வைத்ததும் சப்பாத்து முழுதும் உள்ளே போய்விட்டது. இழுத்து எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது இராக்கம்மா அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சாப்பிடாம வந்திருக்கீங்க போல. பாசிப்பயறு போட்ட கஞ்சி இருக்கு. விடியல்ல வச்சது, ஆறிப் போச்சு. இருங்க, சுட வச்சுத் தர்றேன். இவுக எந்திரிச்சதுமே ரகளையாயிட்டதால யாரும் குடிக்கல."

கஞ்சி குழைவாக, தேங்காய்ப்பால் மணத்தோடு இருந்தது. றில்வான் இரண்டு கோப்பை குடித்தார். பொன்னையாவும் துக்கத்தோடு மூன்று கோப்பை குடித்தார்.

பத்து மணிக்கு றில்வான் பண்டாரவளையில் இத்ரூஸின் கடையில் இருந்தார். செய்தி அவருக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. இத்ரூஸ் உண்மையிலேயே கலங்கிப் போயிருந்தார்.

"நான் எதுக்கு தம்பி அந்தப் பல்லை எடுக்க? அவரு பேசலன்னா தோட்டத்து வாக்கு முழுக்க விசிறிக்குத்தான் விழும். பொன்னையா நின்னு பேசினாத்தானே அது ரெண்டாப் பிரியும்? அந்த மனுசன் நல்லாப் பேசணும்னு நான் தொழுது துஆ கேக்கிறேன்."

பிறகு மெதுவான குரலில், அவருக்கு மாற்றுப் பல் வாங்கிக் கொடுத்தால் தேர்தல் சட்டத்தில் குற்றமாகுமா என்றும் கேட்டார். அந்தப் பல் எப்பேர்ப்பட்ட பல் என்று வியந்தார். தினமும் காலையில் ஓடு மாதிரிக் காய்ந்த தேங்காய் ரொட்டியைக் கடகடவென்று கடிக்கிற மனிதர் பொன்னையா. வேறு எதைக் கொடுத்தாலும் நோயாளிச் சாப்பாடு என்று தள்ளிவிடுவாராம். கூட்டங்களில் கூட ரொட்டியைக் கடித்துக் காட்டித்தான் பேச்சைத் தொடங்குவார்.

நியாயமான பதில். அப்படியானால் கெடுதல் துஷாந்துக்குத்தான். பிரிவது அவருடைய வாக்கு. றில்வான் நேரே அவருடைய அலுவலகத்துக்குப் போனார்.

துஷாந்த் முதலில் சட்டம் பேசினார். பிறகு அவமானம் பற்றிப் பேசினார். கூட்டத்துக்கு முன்னால் பொலிஸ் நிலையத்துக்கு வந்து வாக்குமூலம் கொடுக்க முடியுமா, வாசலில் பத்திரிகைக்காரர்கள் நிற்பார்கள் என்று றில்வான் பணிவாகக் கேட்டதும் கதவைச் சாத்தினார்.

"இங்க பாருங்க சார்ஜன்ட், இன்னைக்கு அவர் பேசினா லாபம் எனக்குத்தான். மேடையில வச்சு என்னை ஆதரிக்கிறதாச் சொல்லப் போறார். உப தவிசாளர் பதவியும் ஜீப்பும் குடுக்கிறதா ஒத்துக்கிட்டேன். நேத்துத்தான் பேசி முடிச்சோம். அவர் வாயைத் திறக்கலன்னா நஷ்டம் யாருக்கு?"

றில்வான் வெளியே வந்து ஒரு பிளேன் டீ வாங்கிக்கொண்டு யோசித்தார். வண்டிலுக்கும் அந்தப் பல் வேண்டும். விசிறிக்கும் அந்தப் பல் வேண்டும். பொன்னையாவின் வாயை இரண்டு எதிரிகளும் இப்படிக் காவல் காக்கும்போது, அதை மூட நினைத்தது யார்?

கடைக்காரர் தொட்டுச் சாப்பிட ஒரு ரொட்டியை நீட்டினார். றில்வான் அதைக் கடித்தார். கல். மெல்லுவதை நிறுத்தினார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளை நோக்கி நடந்தார்.

மூன்று மணிக்கு அவர் மறுபடியும் லயத்தில் நின்றார். கணவனையும் மனைவியையும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார்.

வெளியாள் யாரும் வரவில்லை என்றார். வந்திருந்தால் லீக்ஸ் பாத்தியில் தன் சப்பாத்துக்குக் கிடைத்த வரவேற்பு அவனுக்கும் கிடைத்திருக்கும். பாத்தியில் இருப்பது தன் காலடி ஒன்றுதான். கிளாசை மறுபடி ஒழுங்காக மூடி வைத்துவிட்டுப் போகிற திருடனையும் அவர் இதுவரை கண்டதில்லை. எடுத்தது வீட்டு ஆள்.

"எந்த ஆளு?" என்றார் பொன்னையா. இதை மட்டும் பல் இல்லாமலே தெளிவாகச் சொன்னார்.

"ஐயா, உங்களுக்குக் காலையில ரொட்டிதானே? இன்னைக்கு மட்டும் ஏன் கஞ்சி?"

பொன்னையா மனைவியைப் பார்த்தார். இராக்கம்மா அடுப்பைப் பார்த்தாள்.

"பல்லு காணாமப் போனது உங்களுக்கு எந்திரிச்ச பிறகுதான் தெரியும்," என்றார் றில்வான். "கஞ்சி அதுக்கு முன்னாலயே வச்சாச்சு. இன்னைக்கு உங்களால மெல்ல முடியாதுன்னு விடியல்லயே தெரிஞ்ச ஆள் ஒருத்தர்தான். பல்லை எடுத்தாலும் நீங்க பட்டினி கிடக்கக் கூடாதுன்னு நினைச்ச ஆள்."

இராக்கம்மா மடியிலிருந்த வெற்றிலைப் பையை அவிழ்த்து, ஈரத் துணியில் பத்திரமாகச் சுற்றிய இரண்டு செட்டையும் எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள். தேத்தண்ணி கொண்டு போனபோது ஜீப் பேச்சு முழுவதும் காதில் விழுந்தது என்றாள். சாமம் முழுக்கத் தூக்கம் வரவில்லை என்றாள்.

"பல்லு ஒங்களுது, வாங்கிக்கங்க. ஆனா அந்த வாயிக்கு ஓட்டுக் கேட்டது நாங்க. ரோட்டைக் குடுத்து ஜீப்பு வாங்குறதாச் சொன்னா, அந்தப் பொம்பளைங்க மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது?"

பொன்னையா கோபமாகப் பல்லை வாங்கி மாட்டினார். மனைவியைத் திட்டுவதற்காக வாயைத் திறந்தார். எல்லா எழுத்தும் இப்போது சுத்தமாக வரும். ஆனாலும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கூட்டத்துக்கு நேரமாகிறது என்று மட்டும் சொன்னார்.

பொருள் வீட்டிலேயே கிடைத்துவிட்டது என்று றில்வான் முறைப்பாட்டை முடித்து எழுதினார். அது பொய்யும் இல்லை.

மாலை மேடையில் துஷாந்த் புன்னகையோடு பக்கத்து நாற்காலியைப் பொன்னையாவுக்கு இழுத்துப் போட்டார். பொன்னையா உட்காரவில்லை. ஒலிவாங்கியைப் பிடித்து, நேற்றுத் தான் ஒரு ஜீப்புக்கு விலை போனதையும், தன் சம்சாரம் பல்லைத் திருடித் தன் மானத்தைக் காப்பாற்றியதையும் ஒன்று விடாமல் சொன்னார். பஸ் நிலையம் வரை சிரிப்பு பரவியது. மரக்கறிச் சந்தைப் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். துஷாந்த் மட்டும் அழைப்பு ஏதும் வராத தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார்.

தேர்தலில் கேத்தல் மூன்று ஆசனங்களைப் பிடித்தது. விசிறிக்கும் பெரும்பான்மை இல்லை, வண்டிலுக்கும் இல்லை. அந்த மூன்று பேர் கை தூக்குகிற பக்கம்தான் தவிசாளர். முடிவு வந்த மறுநாளே துஷாந்தும் இத்ரூஸும் சேறு அப்பிய காலோடு லயத்துக்கு ஏறி வந்து சேர்ந்தார்கள். ஆதரவு வேண்டும் என்றார்கள். எதைக் கேட்டாலும் தருவதாகச் சொன்னார்கள்.

பொன்னையா இருவரையும் உட்காரச் சொன்னார். பிறகு அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினார்.

"அங்க போய்க் கேளுங்க. எனக்குப் பேச மட்டும்தான் தெரியும்."