வெளுத்த மாப்பிள்ளை

"இந்த போட்டோவுல இருக்கிறது யாருங்க?"

மழையில் தொப்பலாக நனைந்து ஸ்டுடியோவுக்குள் வந்தவன், படத்தை மேசையில் வைத்தான். மிஸ்பா படத்தைப் பார்த்தாள்... அவனைப் பார்த்தாள். படத்தில் இருந்தவன் பால் நிறம். எதிரே நின்றவன் நல்ல மாநிறம். கண்கள் மட்டும் இரண்டிலும் ஒன்றுதான். கோபத்திலும் அழகான கண்கள்...

"நீங்கதான்."

"அதைச் சின்னமனூர்ல பொண்ணு வீட்டுல வந்து சொல்லுங்க. வேற ஆளு போட்டோவக் குடுத்து ஏமாத்திட்டோம்னு டீயக்கூடக் குடிக்க விடல."

வந்தவன் சஜ்ஜாது. குரங்கணிக்கு மேலே ஏலக்காய் காயவைக்கும் வேலை.

"காய் லேசா வெளுத்தாலே ஏலத்துல தள்ளிருவாங்க. நீங்க என்னையவே வெளுக்க வச்சுட்டீங்க!"

சிரிப்பு வந்தது அவளுக்கு. ரோஷம் முந்திக்கொண்டது.

"ரெண்டு வருசமா நான்தான் பிரிண்ட் போடுறேன். ஒருத்தரும் குறை சொன்னதில்ல."

"செவப்பாக் காட்டுனா எவன் குறை சொல்லுவான்?"

மிஸ்பா கம்ப்யூட்டர் பக்கம் நாற்காலியைத் திருப்பினாள்.

"சாயங்காலம் ராசிங்காபுரத்துல இன்னொரு பொண்ணு வீட்டுக்கு ஒரு போட்டோ போகணும். வெரசாப் போட்டுக் குடுங்க. அதுலயாவது நான் நானாத் தெரியணும்."

கம்ப்யூட்டரில் அவனுடைய பழைய படத்தைத் திறந்தாள். இருட்டாகத் தெரிந்தது. அவன் எட்டிப் பார்த்தான்.

"மானிட்டர் மங்கிப்போச்சுங்க. அதான் நீங்க வெளிச்சத்தக் கூட்டிக் கூட்டி... செட்டிங்ஸ மாத்துங்க."

"மாட்டேன்."

அப்பாவின் மானிட்டரைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

"எங்கத்தா வச்சுட்டுப் போனது. அவங்க மவுத்தானதுக்கப்புறம் நான் அதுல கையே வைக்கல."

அவன் மேசையிலிருந்த படத்தை எடுத்துக்கொண்டான். வெளியே மழை இன்னும் விடவில்லை...

"தெரியாமச் சொல்லிட்டேன். அப்படியே இருக்கட்டுங்க. நான் வேற கடையில எடுத்துக்கிறேன்."

அவன் கதவருகே போய்விட்டான். போனால் மறுபடியும் இதே அறை, இதே நாற்காலி. வீட்டுக்குப் போனால் சோறு போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் அம்மா. இரண்டு வருஷமாக அவளோடு சண்டை போடக்கூட யாரும் வந்ததில்லை...

"இருங்க. இப்படி உக்காருங்க."

மானிட்டரின் பொத்தானை அழுத்தினாள். வெளிச்சத்தைக் கூட்டினாள். பிறகு சிவப்பு, பச்சை, நீலம்... ஒவ்வொன்றுக்கும் அவன் முகத்தைப் பார்த்தாக வேண்டியிருந்தது. நெற்றியை, கன்னத்தை, திரும்பவும் அந்தக் கண்களை. அவனும் பார்வையை விலக்கவில்லை. யா அல்லாஹ், ஒரு முகத்தைப் பார்ப்பது இவ்வளவு பெரிய வேலையா...

"செவப்பு கூடிப்போச்சோ?" என்று முணுமுணுத்தாள்.

நிமிர்ந்தாள். அவன் காது மடல் நிஜமாகவே சிவந்திருந்தது.

படம் வெளியே வந்தது. அச்சு அசல் அவன்தான். வாங்கக் கை நீட்டினான். அவள் விடவில்லை.

"ராசிங்காபுரத்துக்கு இதக் குடுக்காதீங்க."

"ஏங்க?"

"அந்தப் பொண்ணுக்கு முன்னாடி நான் பாத்துட்டேன். எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு."

அவனும் படத்தை விடவில்லை.

"அப்ப... இத யாருகிட்டக் குடுக்கிறது?"

"எங்கம்மாகிட்ட."