வந்தவர்களுக்கு நல்ல தண்ணீர்

விடியற்காலையில் அடுப்படிப் பக்கம் யாரோ மடக்மடக்கென்று தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. மகள் முத்தாள்தான் என்று நினைத்துத் திரும்பினாள் செவந்தி. முத்தாளோ பக்கத்திலேயே, வீங்கிய பிஞ்சு வயிற்றின் மேல் கையை வைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். போய்ப் பார்த்தால், அரிமளத்திலிருந்து சுமந்து வந்த நல்ல தண்ணீர்க் குடம் வாயில் துணி வேடு கட்டியபடியே இருந்தது. சுற்றிலும் தரை மட்டும் நனைந்து, தோலும் சுண்ணாம்பும் சேர்ந்து ஊறிய வாடை அடித்தது.

அந்த வாடை ஊருக்குப் புதிதல்ல. தோல் பதனிடும் ஷாப்புக் கழிவு ஊருணியில் இறங்கிய நாளிலிருந்து சோற்றிலும் சேலையிலும் அதுதான். ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு அரை நாள் நடக்க வேண்டும். அதனால் அது வீட்டுக்கு வருகிறவர்களுக்கு, ஊருணித் தண்ணீர் வீட்டாருக்கு. மூத்த மகன் ஐயனார் போன சித்திரையில் உதடு வெடித்துச் செத்தான். பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பங்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறிலேயே புதுக்கோட்டையில் கேஸ் போட்டிருந்தன. வாய்தா மேல் வாய்தா. கால் தேய்ந்ததுதான் மிச்சம். ஷாப்பை மூடினால் முத்தாளாவது மிஞ்சுவாள் என்றுதான் அலுத்த உடம்பை இழுத்துக்கொண்டு செவந்தியும் போய்வந்தாள்.

அன்று தண்ணீரைச் சோதிக்கக் கோர்ட்டு அனுப்பிய கமிஷனர் வந்தார். ராத்திரி மழையில் ஊருணி பளிங்காய்த் தெளிந்து நல்ல பிள்ளை வேஷம் போட்டுக் கிடந்தது. குடித்துப் பார்த்தால்தான் தெரியும். செவந்தி வீட்டு வாசலில் நின்று, "வீட்டுல குடிக்கிற தண்ணி கொண்டாங்கம்மா" என்றார்.

செவந்தியின் கை யோசிக்கவில்லை. செம்பைத் துலக்கி, அரிமளத்துக் குடத்தில் மொண்டு, இரு கையாலும் நீட்டினாள்.

"இளநி மாதிரியில்ல இருக்கு!" என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

வழக்குப் போட்டவர்களில் ஒருவரான சோலையப்பன், ஒரு மகளைப் புதைத்தவர், பதறினார். "ஐயா, அது அரிமளத்துத் தண்ணிங்க!"

"கேட்டேன், குடுத்தாங்க, குடிச்சேன்." கார் சேற்றை வாரியடித்துப் போனது.

"அடிப் பாவி, ஊருணித் தண்ணியக் குடுக்க வேண்டியதுதான?"

"வந்தவுகளுக்குப் போயி அதக் குடுக்க முடியுமாண்ணே?"

இத்தனை நாள் ஷாப்புக்காரன் ஊருக்குத் தண்ணி காட்டினான். இவளோ கோர்ட்டுக்கு நல்ல தண்ணியைக் காட்டிவிட்டாள்.

விளக்கு வைக்கும் நேரம். மனசு விட்டுப்போய்ச் சுவரில் சாய்ந்திருந்தாள் செவந்தி. கொல்லைப் பக்கம் ஈரச் சாக்கை இழுப்பதுபோல ஏதோ நகர்ந்தது. முத்தாள் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள்.

"யாருடி அங்கிட்டு?"

"அண்ணன் வந்துருக்கு ஆத்தா. சோலையப்பன் மாமா மகளும். இன்னும் நெறையப் பேரு."

பயமாக இருந்தது. அதைவிட அசதியாக இருந்தது. எழுந்தாள். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள்.

குடம் கவிழ்ந்து கிடந்தது.

"வந்தவுகளுக்கெல்லாம் நல்ல தண்ணி குடுத்தேன். தீந்துபோச்சு," என்றாள் முத்தாள்.

கொல்லை வாசல். இருட்டு. இருட்டில் பிள்ளைகள். ஈரமாய். வெடித்த உதடுகள். ஒன்றும் அழவில்லை.

முன்னால் ஐயனார். தங்கையின் தலையை ஒரு கையால் தாங்கியிருந்தான். மறு கை குவிந்திருந்தது. ஊருணி வாடையோடு பழுப்பாய் ஏதோ விரலிடுக்கில் சொட்டியது.

"நீ நம்ம வீட்டுப் பிள்ளைதான," என்றான் பிரியமாய். "இதக் குடி."

முத்தாள் வாய் நிறையக் குடித்துக்கொண்டிருந்தாள்.