கரோலினெயின் எடை

அறுநூற்று நாற்பது கிராம். முந்தின நாள் சாயங்காலம் கடைசிப் பலகையை ஒட்டி முடித்ததும் எய்னார் தான் செய்துகொண்டிருந்த மாதிரிக் கப்பலைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்த எடை அது. மறந்துபோகும் என்று அதன் பாகங்கள் வந்த கிட் பெட்டியின் மூடியிலேயே பென்சிலால் குறித்தும் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை காலையில், காபி இறங்குகிற நேரத்தில் சும்மா இருப்பானேன் என்று மறுபடி தூக்கி வைத்தபோது, தராசு எழுநூற்றுப் பன்னிரண்டு காட்டியது.

பசை காய்ந்தால் எடை குறையும். கூட வழியில்லை. தராசுக்கு வயதாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு, பிரிக்காத ஒரு கிலோ மாவுப் பொட்டலத்தை எடுத்து வைத்துப் பார்த்தார். சரியாக ஒரு கிலோ. தராசின் மேல் பழி போட வழியில்லாமல் போயிற்று.

மூன்று நாளாகத் தீவை மூடுபனி பிடித்திருந்தது. டிசம்பரில் டென்மார்க்கின் அந்தத் தென்கோடியில் வெளிச்சம் என்பது ஒரு பேச்சுக்குத்தான்; ஒன்பது மணிக்கு வெளுத்து மூன்றரைக்கெல்லாம் இருட்டிவிடும். தீவுக்கு வந்துபோகும் பெர்ரிக் கப்பலும் நின்றுபோயிருந்தது. முப்பத்தோரு வருஷம் அந்தப் பெர்ரியின் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவர் எய்னார். துறையிலிருந்து ஊதல் வராத காலை அவருக்குக் காலையாகவே தோன்றாது. மனைவி இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. வீட்டில் பேசும் ஒரே குரல் வானொலியுடையது, அதையும் கடல் வானிலை முடிந்ததும் அணைத்துவிடுவார்.

ஒரே மகன் யெஸ்பர், கரோலினெ என்ற பாய்மரச் சரக்குக் கப்பலில் மாலுமி. கரீபியன் தீவுகளில் கோகோ ஏற்றிக்கொண்டு அட்லாண்டிக் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு இந்தக் கிறிஸ்துமஸுக்குத்தான் வீட்டுக்கு வருகிறான். அப்பனும் மகனும் பேசிக்கொண்டால் ஐந்தாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடும். அதனால்தான் இந்த வேலை. கிட் பெட்டியில் வந்தது பெயரில்லாத ஏதோ ஒரு மூன்று பாய்மரக் கப்பல். அதன் பின்புறத்தில் மெல்லிய தூரிகையால் ‘கரோலினெ’ என்று எழுதியவர் எய்னார். வந்ததும் மகன் கையில் கொடுக்கவேண்டும். ‘நீ இல்லாமல் இருக்க முடியவில்லையடா’ என்று வாயால் சொல்ல அந்த மனிதருக்குச் சாமர்த்தியம் போதாது.

அந்த ஊரில் மாடல் கப்பல் செய்கிறவர்கள், கடைசிப் பலகையை ஒட்டி உடலை மூடுவதற்கு முன்னால் உள்ளே விலாச் சட்டத்தில் தங்கள் பெயரைப் பென்சிலால் எழுதுவார்கள். பிறகு யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை. நேற்று அவர் எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு போடில் எதிரே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

“உன் பேரு மட்டும்தானே எழுதுறே?” என்றாள்.

“அவன் பேரும் எழுதுறேன். அவன் கப்பல்தானே.”

“எய்னார், அவன் இன்னும் தண்ணி மேல இருக்கான். கடல்ல இருக்குறவன் பேரை உள்ள வச்சு யாரும் மூட மாட்டாங்க. வந்து கரையில கால ஊனட்டும், அப்புறம் ஒட்டிக்கோ.”

“உங்க வீட்டுக்காரங்க உப்பு மீனு திங்கவே நாள் பாக்குறவங்களாச்சே.”

“ஆமா, நாள் பாப்போம். திங்குறது நாங்கதானே,” என்று போடில் சிரித்தாள். ஆனால் மீதிக் காபியைக் குடிக்காமலே கோட்டை மாட்டிக்கொண்டாள். அவள் போன பிறகு, வானொலியில் ஆறு மணிச் செய்திக்கு மணி அடித்தபோது, சுடுதண்ணீரில் ஊறவைத்து வளைத்த கடைசிப் பலகையை எய்னார் இடத்தில் பொருத்தி, பசை பிடிக்கும்வரை கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை பகல் முழுவதும் கப்பலின் மேல்தளத்து வேலை. கிட் கப்பல்களில் கதவு என்பதெல்லாம் வெறும் வேஷம். நகத்தளவு பலகையில் கீல் வரைந்து, கைப்பிடியாக ஒரு பித்தளை ஊசியைச் செருகி, அறையின் சுவர்மேல் ஒட்டிவிடுவதுதான். சரக்கறைக்கு இறங்கும் தளக்கதவும் அப்படியே. தூக்கிப் பார்த்தால் அடியில் ஓட்டையில்லாத முழுப் பலகை இருக்கும். எய்னார் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டினார். ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்கு பகலிலேயே எரிந்துகொண்டிருந்தது, அதன் கம்பம் தெரியவில்லை.

மூன்றாவது கதவை ஒட்டும்போது ஒரு வாடை வந்தது. பசை வாடை இல்லை, வார்னிஷ் வாடையும் இல்லை. நனைந்த கம்பளிச் சட்டையும், வெங்காயமும், ஜன்னல் திறக்காத அறையில் ஒரு ஆள் ராத்திரி முழுக்க மூச்சுவிட்ட புழுக்கமும் கலந்த வாடை. அதோடு ஒரு பிறாண்டல் சத்தம், மிக மெல்லியது, நின்று நின்று. மரம் காயும்போது முறுகிச் சத்தம் போடும், அது அவருக்குத் தெரியும். தெரிந்தும் தராசை மறுபடி எடுத்தார். தொள்ளாயிரத்து ஐம்பது.

தட்டினார், விரல் கணுவால், கப்பலின் பக்கவாட்டில்.

உள்ளிருந்து பதிலுக்குத் தட்டல் வந்தது.

எய்னார் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். எலி என்று வாய்விட்டுச் சொன்னார். எலி நுழைய ஓட்டை ஏது, ஒவ்வொரு இடுக்கையும் தன் கையால் அடைத்தவருக்குத் தெரியாதா. பயமாக இருந்தது. அதைவிட, அந்தப் பயத்தைச் சொல்ல வீட்டில் ஒரு ஆள் இல்லை என்பது பெரிதாக இருந்தது. போடில் வீட்டு ஜன்னலைப் பார்த்தார். வெள்ளையாகப் பனி. வீடே இல்லாததுபோல் இருந்தது.

நான்கு மணிக்குச் சற்று முன்னால் தொலைபேசி அடித்தது.

“அப்பா.”

“யெஸ்பர்? எங்கடா இருக்கே?”

“என் அறையிலதான் இருக்கேன்னு நெனைக்கிறேன்ப்பா. கரண்ட் இல்ல, போன் வெளிச்சம் மட்டும்தான். கதவு திறக்கல. கைப்பிடியே இல்ல. தள்ளிப் பாத்தா, கதவே இல்லப்பா. பலகை.”

“என்ன பலகை?”

“புதுசு. பசை வாடை அடிக்குது.” அவனுக்கு மூச்சு இரைத்தது. “கத்திப் பாத்தேன், யாருக்கும் கேக்கல. ஒரு சட்டத்துல பேரு எழுதியிருக்கு. பென்சில்ல. என் உயரத்துக்கு எழுத்து. என் பேருப்பா. உங்க கையெழுத்து.”

“நான் சொல்றதைக் கேளு. கேக்குதா? யெஸ்பர்?”

“காத்து குறைஞ்சுகிட்டே வருதுப்பா. தொறங்களேன்.”

தொடர்பு அறுந்தது. திரும்பக் கூப்பிட்டார், மணியே போகவில்லை. கப்பல் கம்பெனியின் அலுவலகத்துக்கு அடித்தார். எடுத்த பெண்ணிடம் பெயரைச் சொன்னார்.

“நாங்களே உங்களைக் கூப்பிட இருந்தோம்,” என்றாள். “கப்பலுக்கு ஒண்ணும் இல்ல, காத்தும் நல்லாத்தான் இருக்கு. உங்க மகனைத்தான் காணோம். நேத்து நம்ம நேரத்துக்கு சாயங்காலம் ஆறு மணியிலிருந்து. அறை முழுக்கத் தேடிட்டாங்க. தண்ணியில விழுந்திருப்பாரோன்னு கப்பலைத் திருப்பித் தேடிட்டு இருக்காங்க. நான் ரொம்ப வருந்துறேன் ஐயா.”

எய்னார் ரிசீவரை வைக்கக்கூட இல்லை. அது கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

மேஜையில் கப்பல். விளக்கு வெளிச்சத்தில் அதன் வயிறு மஞ்சளாகப் பளபளத்தது. உள்ளே தட்டல் இப்போது வேகமாக, ஒழுங்கில்லாமல்.

ரம்பத்தை எடுத்தார். பக்கவாட்டுப் பலகையில் வைத்தார். வைத்த கை நின்றுவிட்டது. இங்கே அறுத்தால் அங்கே? நடுக்கடலில் பதினோரு பேர் நிற்கும் கப்பலின் பக்கவாட்டில் என்ன திறக்கும்? யெஸ்பர் மேலேயே அந்தத் தண்ணீர் கொட்டாதா? ரம்பத்தைப் போட்டுவிட்டார். மேலேதான். தளத்திலிருந்துதான். அங்கே தண்ணீர் வராது, காற்றுதான் போகும். காலையில் ஒட்டிய பொய்த் தளக்கதவை இடுக்கியால் நெம்பிப் பெயர்த்தார். அடியில் முழுப் பலகை, தான் தேய்த்து வழவழப்பாக்கிய பலகை. கயிறு கோக்க ஓட்டை போடும் கை டிரில்லை எடுத்தார். ஊசி கனம்தான் அதன் முனை. போதும். முதலில் மூச்சு வரட்டும்.

தளத்தின்மேல் வாயை வைத்தார்.

“யெஸ்பர். மேலேருந்து தொளை போடுறேன். தள்ளி நில்லு. ஓரமாப் போயிடு. கேக்குதா? தள்ளி நில்லு.”

படபடவென்று தட்டல், முனை வைத்த இடத்துக்கு நேர் கீழே. சரி என்கிறான். அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

சுற்றினார். வெள்ளை மரத்தூள் சுருண்டு சுருண்டு வந்தது. மற்றக் கையால் கப்பலை அழுத்திப் பிடித்துக்கொண்டார். தட்டல் இன்னும் பக்கத்தில். இன்னும் வேகமாக. வந்துட்டேண்டா. கொஞ்சம் பொறு. இன்னும் ஒரு சுற்று.

பலகை விட்டுக்கொடுத்தது.

முனை காற்றில் இறங்கவில்லை. எதிலோ இறங்கியது. மெத்தென்று.

தட்டல் நின்றது.

எய்னார் டிரில்லைப் பின்பக்கமாகச் சுற்றி, மெதுவாக, மிக மெதுவாக வெளியே எடுத்தார். முனையின் பள்ளத்தில் மரத்தூள் ஈரமாக ஒட்டியிருந்தது. சிவப்பாக. அதற்குள் சுற்றிக்கொண்டு இரண்டு மூன்று முடி, அவ்வளவு மெல்லிசு, கண்ணுக்கே தெரியாது. பழுப்பு மஞ்சள். அவன் அம்மாவின் நிறம்.

“யெஸ்பர்.”

துளையில் சிவப்பு நிறைந்து வழிந்தது. தளத்துப் பலகை இடுக்குகளில் பிரிந்து ஓடியது. எய்னார் கட்டைவிரலைத் துளைமேல் வைத்து அழுத்தினார். அடைத்துப் பிடித்தார். விரலுக்கு அடியில் சூடாக ஏதோ துடித்தது. துடித்துக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு இடைவெளி. மறுபடி ஒரு துடிப்பு.

மறுபடி இடைவெளி.

அவர் விரலை எடுக்கவில்லை.