மூன்று முறை சிமிட்டும் டார்ச்

டார்ச்சை அணைத்த பிறகும் தண்ணீரில் வெளிச்சம் இருந்தது.

ஒரு நொடிதான். லிஃப்ட் குழியின் அடியில், எண்ணெய் படிந்து கறுத்துக் கிடந்த தேங்கல் தண்ணீரில், டார்ச்சின் வட்டம் அப்படியே நின்று, பிறகு மனமில்லாமல் அணைவதுபோல அணைந்தது. அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டான். புது டார்ச், கண்ணைப் பறிக்கிற வெளிச்சம், கண்ணுக்குள்ளேயே கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும், வேறென்ன என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

வெளியே பளீரென்று முற்பகல் வெயில். லிஃப்ட் குழிக்கு ஏது பகல்? நான்கு மாடி அலுவலகக் கட்டடம், வெள்ளையடிப்பதற்காக ஆட்களை ஒட்டுமொத்தமாகக் காலி செய்திருந்தார்கள். தரைத்தளக் கதவுக்குக் கீழே நெஞ்சு உயரத்துக்குத் தோண்டிய சதுரக் குழியில், சுவரில் பதித்த இரும்பு ஏணி வழியாக இறங்கி அவன் நின்றுகொண்டிருந்தான். குழியில் இறங்குகிறவன் லிஃப்டை அசையவிடாமல் நிறுத்திவைக்க அங்கே ஒரு சிவப்பு சுவிட்ச் உண்டு. அதுதான் செத்துப்போயிருந்தது. புதிதாக மாட்டுகிற சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பார்க்கக் கரண்ட் இருந்தாக வேண்டும். ஆக, தலைக்கு மேலே கரண்டோடு ஒரு லிஃப்ட் தொங்க, அதை நிறுத்துகிற சுவிட்சைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற வேலை. என்ன பிழைப்போ இது!

உச்சியில் மோட்டார் அறையில் மச்சான் இருந்தார். மனைவியின் அண்ணன், வேலையிலும் கூட்டாளி. குழிக்குள் செல்போன் எடுக்காது, கத்தினால் எதிரொலி வார்த்தையைக் கூழாக்கிவிடும் என்பதால் இருவருக்கும் நடுவில் டார்ச் பாஷைதான். கீழிருந்து மேலே நீளமாக ஒரு தடவை அடித்தால், உள்ளே இருக்கிறேன், லிஃப்டைத் தொடாதே. மூன்று முறை சிமிட்டினால், வெளியே வந்துவிட்டேன், இறக்கு. மோட்டார் அறைத் தரையில் கயிறு இறங்கும் ஓட்டை வழியாகப் பார்த்து மச்சான் அதையே திருப்பி அடிப்பார். அடித்துவிட்டு லிஃப்டில் ஏறித் தானே கீழே வருவார். வருஷக்கணக்காக இதே வழக்கம், இதுவரை ஒரு பிசகும் இல்லை.

பிசகு அவன் மனசில்தான். போன மாதம் வேறொரு கட்டடத்தில், இதே மாதிரி ஒரு குழியில், பழைய டார்ச் பொசுக்கென்று செத்தது. மச்சான் சந்தேகப்பட்டு இறங்கி வந்து கதவைத் திறக்கும்வரை இருட்டில் உட்கார்ந்திருந்தான். எதுவும் நடக்கவில்லை. ஆனால் பக்கத்தில் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. மச்சானிடம் சொன்னால் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். மனைவியிடம் மட்டும் சொன்னான். அவளுக்கு ஏழாம் மாதம். சிரிக்கவில்லை.

"வேற வேலை பாருங்க. எங்க அண்ணன்கிட்ட நானே பேசிக்கறேன். கொழந்தை பொறக்கறப்ப நீங்க என் பக்கத்துல இருக்கணும், எனக்கு அது போதும்."

"பொறக்கற நேரத்துல வேலையை விட்டுட்டு என்னத்த சாப்பிடறது? நல்ல டார்ச்சா ஒண்ணு வாங்கிட்டா சரியாப் போச்சு" என்றான்.

நல்ல டார்ச் வாங்குவது லேசுப்பட்ட காரியமாக இல்லை. கடைக்காரரிடம் சொல்லி விளக்கை அணைக்கச் செய்து, கடைக்குப் பின்னால் இருந்த சரக்கு அறைச் சுவரில் ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தான். ஒன்று பளீரென்று இருந்தது, ஆனால் வெளிச்சம் அகலமாகச் சிதறியதே தவிர தூரம் போகவில்லை, நான்கு மாடி ஏறாது. ஒன்று தூரம் போனது, உலக்கை மாதிரி கனத்தது, டூல்பாக்ஸில் வைத்தால் ஸ்பானருக்கு இடமிருக்காது. ஒன்று வழவழவென்று இருந்தது, எண்ணெய்க் கையில் நிற்காது. சார்ஜ் போடுகிற துளைக்கு மூடி இல்லையென்று ஒன்றைத் தள்ளினான். மனைவி ஸ்டூலில் உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டே, "என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பகூட நீங்க இவ்ளோ யோசிக்கல" என்றாள்.

கடைக்காரர் சிரித்துக்கொண்டே கடைசியாக ஒன்றை எடுத்து வைத்தார். கைக்கு அடக்கம், சொரசொரப்பான பிடி, இரும்பில் ஒட்ட பின்பக்கம் காந்தம். சுவரில் அடித்தபோது பூச்சின் மணல்கூடத் தெரிந்தது.

"இது ஏமாத்தாதுங்க. சார்ஜ் இறங்குச்சுன்னா முன்கூட்டியே மூணு தடவை கண்ணடிச்சுச் சொல்லிடும். திடீர்னு இருட்டுல விட்டுட்டுப் போகாது."

இருட்டில் விட்டுவிட்டுப் போகாது. அந்த வார்த்தையில் அவன் உருகிப்போனான். மூன்று என்பது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. லிஃப்ட் வேலை செய்கிறவன் ஒருவன் அந்தக் கடையில் பதறியிருக்க வேண்டிய இடம் அதுதான். அவனோ வீட்டுக்குப் போய் ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டு, காலையில் பச்சை விளக்கைப் பார்த்துக் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டான்.

இப்போது அதை மேலே நீளமாக ஒரு தடவை அடித்தான். லிஃப்ட் கூண்டுக்கும் சுவருக்கும் இடையிலிருந்த சந்து வழியாக, உச்சியிலிருந்து மச்சானின் வெளிச்சம் நீளமாக ஒரு தடவை பதில் சொன்னது. நிம்மதியாக டார்ச்சை, லிஃப்ட் ஏறி இறங்குகிற தண்டவாளத்தில் ஒட்டவைத்து, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு புது சுவிட்சின் ஒயரைச் சீவ ஆரம்பித்தான். கிரீஸ் வாசமும், ஈரச் சிமென்ட் வாசமும், எங்கோ சொட்டுகிற தண்ணீரும் தவிர அங்கே ஒன்றுமில்லை. சொட்டுகிறது சொட்டுகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தவனுக்கு, அது விழுகிற சத்தமாக இல்லையே என்று கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. யாரோ நனைந்த துணியோடு எழுந்திருக்கிற சத்தம் மாதிரி இருந்தது. முதுகுக்குப் பின்னால், தண்ணீர் இருந்த பக்கம்.

அவன் திரும்பவில்லை. திரும்பினால் பார்த்தாக வேண்டும். ஒயரையே பார்த்துக்கொண்டு, "எலியா இருக்கும்" என்று வாய்விட்டுச் சொன்னான். தன் குரலைக் கேட்டதில் கொஞ்சம் தெம்பு வந்தது. சத்தம் நகர்ந்தது. ஏணியின் இரும்புக் கம்பி லேசாக முனகியது, கனம் ஏறினால் முனகுகிற மாதிரி. ஒரு கம்பி. அடுத்த கம்பி. பிறகு தரைத்தளக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த மரத்துண்டு சரக்கென்று நகர்ந்தது.

திரும்பினான். கதவு நிதானமாக மூடிக்கொண்டிருந்தது. தானாக மூடுகிற கதவு டமாரென்று அடிக்கும். இது யாரோ தூங்குகிற குழந்தையை எழுப்பாமல் சாத்துகிற மாதிரி சாத்திக்கொண்டது. வெயில் கோடாகி, நூலாகி, போனது.

டார்ச்சைப் பிடுங்கி ஏணியில் அடித்தான். கம்பிகள் ஈரமாக இருந்தன. எல்லாக் கம்பிகளும். கீழேயிருந்து மேலே.

குழியில் தண்ணீர் இல்லை. தரை காய்ந்து கிடந்தது.

ஈரக் கம்பிகளைப் பற்றி ஏறினான். உள்ளிருந்து திறக்கக் கதவின் மேல்பக்கம் ஒரு கொக்கி உண்டு. எட்டி இழுத்தான். கொக்கி விடுபட்டது, கதவு ஒரு விரல் அளவு திறந்தது, வெயில் முகத்தில் பட்டது, அம்மாடி என்று மூச்சு வந்தது. அடுத்த கணம் கதவு அந்தப் பக்கத்திலிருந்து திரும்ப மூடிக்கொண்டது. மறுபடி இழுத்தான். மறுபடி. அந்தப் பக்கம் பிடித்திருந்த கைக்கு அவசரமே இல்லை.

"மச்சான்!" என்று கத்தினான்.

வாய் திறந்தது. தொண்டை இழுத்தது. சத்தம் வரவில்லை.

இன்னொரு தடவை. காற்றுகூட வரவில்லை. கொஞ்சம் முன்னால் எலி என்று சொன்ன குரல், அதைக் காணோம்.

பயப்படாதே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். டார்ச் இருக்கிறது. நீளமாக அடித்துக்கொண்டே இருந்தால் மச்சான் லிஃப்டைத் தொடமாட்டார். அடித்துக்கொண்டே இருந்தால் ஏதோ சிக்கல் என்று புரிந்து படியிறங்கி வருவார். போன மாதம் வந்தார் அல்லவா. ஏணியிலிருந்து இறங்கி, குழியின் நடுவில் நின்று, இரண்டு கையாலும் பிடித்து மேலே அடித்தான். என்ன வெளிச்சம்! கூண்டின் அடித்தகட்டில் துரு தெரிந்தது, ஆணி தெரிந்தது. நல்ல டார்ச். நம்பகமான டார்ச்.

அது சிமிட்டியது.

ஒன்று.

ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏறினதாயிற்றே.

இரண்டு.

பொத்தானை அமுக்கினான். உள்ளங்கையால் மூடினான். விரலிடுக்கில் சிவப்பாக வெளிச்சம் கசிந்தது.

மூன்று.

கையை எடுத்து மறுபடி நீளமாக அடிக்கப் பார்த்தான். அது தன் கடமையைச் செய்துவிட்டு, மங்கலாக, தீக்குச்சி அளவுக்கு எரிந்தது. அந்த வெளிச்சம் முதல் மாடிக்குக்கூடப் போகாது. நான்கு மாடிக்கு மேலே மச்சானின் டார்ச் பளிச், பளிச், பளிச்சென்று சந்தோஷமாகப் பதில் சொன்னது. பிறகு அங்கே இருட்டு.

மோட்டார் உறுமியது.

கயிறுகள் நகர்ந்தன. காற்று முதலில் வந்தது, கூண்டு தள்ளிக்கொண்டு வருகிற கிரீஸ் வாசக் காற்று. புது சுவிட்சின் ஒயர் ஒன்றுதான் மாட்டியிருந்தது. இன்னொன்று கையில் வழுக்கியது. மூன்றாம் மாடி. ஐயோ, அவள். இரண்டாம் மாடி. ஒயரை விட்டான். குப்புற விழுந்தான். கன்னம் தரையில். கையை உடம்போடு ஒட்டி, மூச்சை இறுக்கி. முதல் மாடி.

முதுகில் எதுவோ உரசியது. சட்டை கிழிந்தது. நின்றது.

உயிரோடு இருந்தான். கூண்டுக்கு அடியில் தொங்கும் இரும்புச் சட்டங்களுக்கும் குழியின் தரைக்கும் நடுவில் ஓர் உடம்பு கிடக்க மட்டும் இடம். தலையைத் தூக்க முடியாது, புரள முடியாது, ஆனால் உயிர் இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. மச்சான் இப்போது இறங்குவார், என்னைத் தேடுவார், லிஃப்டை மேலே ஏற்றுவார், அவ்வளவுதான், அவ்வளவுதான்.

தலைக்கு மேல் காலடிச் சத்தம். லிஃப்ட் கதவு திறந்தது.

"என்ன மாப்ளே, அதுக்குள்ள முடிச்சுட்டே? உள்ள எறங்கினா ஊர்க்கதை பேசிட்டு வர்ற ஆளாச்சே நீ!"

"சின்ன வேலைதானே மச்சான்."

அந்தக் குரல் அவனுடையது.

சளி பிடித்தால் கொஞ்சம் கட்டுகிற அதே குரல். வாக்கியத்தின் கடைசியில் மச்சானுக்காக ஏறுகிற அதே மரியாதை. அவன் குப்புறக் கிடந்து, இல்லாத குரலில் கத்தினான்.

"எங்கடா போய் விழுந்தே, தொப்பலா நனைஞ்சிருக்கே?"

"கீழ தண்ணி மச்சான். தொடச்சு எடுத்துட்டேன்."

ஸ்பானர் கையில் தட்டுப்பட்டது. கூண்டின் அடியில் ஓங்கி அடித்தான். இடமில்லாததால் ஓங்க முடியவில்லை. டொக். டொக். டொக்.

"என்னமோ தட்டுதே" என்றார் மச்சான்.

"புது சுவிட்சோட தகடு மச்சான். சூடு எறங்குது. கொஞ்ச நேரத்துல அடங்கிடும்."

மச்சான் காது கொடுத்தது தெரிந்தது. அவனும் அடிப்பதை நிறுத்தாமல், கை விரல் நசுங்க, அடித்தான். மச்சான் எவ்வளவு கெட்டிக்காரர்! சத்தத்தை வைத்தே எந்த உருளை தேய்ந்தது என்று சொல்கிறவர். கேளுங்க மச்சான். கொஞ்சம் குனிஞ்சு கேளுங்க.

போன் அடித்தது. அவனுடைய போன், வெளியே பையில் வைத்துவிட்டு வந்தது.

"உன் பொண்டாட்டிதான். நீயே பேசு. ஸ்பீக்கர்ல போடு, நானும் திட்டு வாங்கறேன்."

"என்னங்க, சாப்ட்டீங்களா?" என்றாள். எவ்வளவு பக்கத்தில் கேட்டது அது! "இன்னிக்கு குழிக்குள்ள எறங்கினீங்களா? டார்ச் ஒழுங்கா எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது. அதை விடு. நீ சொன்னதுதான் சரி. இனிமே இந்த வேலைக்கு வரல. இப்பவே வீட்டுக்கு வந்துடறேன். கொழந்தை பொறக்கறவரைக்கும் உன் பக்கத்துலயேதான் இருப்பேன். ராத்திரி பகல் உன்னை விட்டு நகரவே மாட்டேன்."

 அவன் அடிப்பதை நிறுத்தினான். அவள் கண்டுபிடித்துவிடுவாள். அவளுக்குத் தெரியும். அவன் இப்படியெல்லாம் பேசுகிறவன் இல்லை.

"நெஜமாவா?" என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள். "சீக்கிரம் வாங்க. கதவைத் திறந்து வைக்கறேன்."

மச்சான் மூக்கை உறிஞ்சினார். "சரிடா, நல்ல முடிவுதான், நான் ஒண்ணும் கோவிச்சுக்கல. பெயின்டர் வர ஒரு வாரம் ஆகும். லிஃப்டை இங்கயே விட்டுட்டு மெயினை ஆஃப் பண்ணிடட்டுமா?"

"பண்ணிடுங்க மச்சான்."

எங்கோ ஒரு பெரிய சுவிட்ச் இறங்கியது. கூண்டுக்குள் ஓடிக்கொண்டிருந்த ஃபேன் மெதுவாகி நின்றது. இரண்டு பேருடைய காலடி நடைபாதையில் போயிற்று. ஒன்று மச்சானின் செருப்பு. இன்னொன்று வெறுங்கால், ஈரக்கால், ஒவ்வோர் அடிக்கும் தரையில் ஒட்டிப் பிரிகிற சத்தத்தோடு, வீட்டுக்கு அவசரமாகப் போகிற கணவன் மாதிரி மச்சானை முந்திக்கொண்டு போனது.