சுவர்ப்பக்கம்

முதுகுக்கடியில் நுழைந்த கைகள் சுவர்ப்பக்கத்திலிருந்து வந்தன.

பிரமை என்றே காமாக்ஷி முதலில் தள்ளினாள். அடையாற்று முதியோர் இல்லத்தின் அந்த அறையில் அவள் கட்டில் வலச்சுவரோடு ஒட்டிக் கிடந்தது. விரல் நுழையவும் இடமில்லை. பக்கவாதம் நாவையும் கைகால்களையும் கொண்டுபோன பின், இமைகள் மட்டுமே அவள் சொல் கேட்டன. ஆயினும் டெட்டால் நெடியை விலக்கிக்கொண்டு, நெடுநாள் பூட்டிக்கிடந்த கருவறையின் ஈரமும் மக்கிய வில்வமும் கலந்த வாடை ஒன்று எழ, குளிர்ந்த பத்து விரல்கள், உற்சவ மூர்த்தியை அலங்கரிக்கும் குருக்களின் பக்குவத்தோடு அவளை ஒருக்களித்துச் சாய்த்து, முதுகில் பவுடர் தூவி, நைட்டியின் சுருக்கத்தை நீவிவிட்டு விலகியதை அவள் தோல் அறிந்தது.

பிற்பகல் மூன்று மணிக்கு வந்த பணிப்பெண் ஜாஸ்மின் திகைத்து நின்றாள். இரண்டு மணிக்கொரு தரம் நோயாளியைத் திருப்பிப் படுக்கவைத்துத் தாளில் குறிக்கவேண்டும் என்பது விதி. பதினான்கு கட்டில்களுக்கு இரண்டே பேர். காலையிலிருந்து அவள் இந்த அறையை எட்டியும் பார்க்கவில்லை.

"யாரும்மா உன்ன திருப்பினது? செவுத்துப் பக்கம் இன்னா அப்டி பாத்துக்கினுகீற?"

விடுபட்ட வேளைகளுக்கெல்லாம் தன் பெயரையே எழுதிவிட்டுப் போனாள்.

ஐந்து மணிக்கு மகன் கிரீஷ் வந்தான். அன்றே புணே திரும்புகிறவன். அம்மாவை உடன் அழைத்துப்போவதா, இங்கேயே விடுவதா என்று முடிவு செய்ய வந்திருந்தான். அம்மாவைப் புரட்டி முதுகைப் பார்த்தான், ஒரு படுக்கைப்புண் இல்லை; மல்லாக்கப் படுக்கவைத்தான். தாளைப் படித்து ஜாஸ்மினுக்கு நன்றி சொன்னான். அவள் தலை நிமிரவில்லை.

"இங்க நன்னாத்தான் பாத்துக்கறா. ஆனா நீ என்னோட வரணும்னா ரெண்டு தரம் கண்ணை மூடித் திற. இப்பவே அழைச்சுண்டு போயிடறேன்."

அம்மையப்பா. ஒரு தரம் மூடித் திறந்தாள்.

வாடை எழுந்தது.

போர்வைக்குள் மணிக்கட்டைக் குளிர் பற்றியது. மூன்று மாதமாக அசையாத வலக்கை உயர்ந்தது. மெல்ல. விரல்கள் விரிந்து. கிரீஷின் பார்வை அவள் கண்ணைவிட்டுக் கைக்குத் தாவியது.

"அம்மா, கை வந்துடுத்தா ஒனக்கு..." இப்படித் தேற்றுகிற இடத்திலிருந்து அவளைப் பிரிப்பது பாவம் என்று ஜாஸ்மினிடம் சொன்னான்.

மூடித் திறந்தாள். மூடித் திறந்தாள். மறுபடி. அவன் கையைத்தான் பார்த்தான். கை அவன் தலைமேல் படிந்து ஆசி தந்தது.

ஜாஸ்மின் அவனை வழியனுப்பப் போனாள். காலடிகள் படியிறங்கித் தேய்ந்தன. வெற்று வாசலை நோக்கிக் கை இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

பின்னர், சற்றும் நோகாதபடி, அவள் முகம் திருப்பப்பட்டது. சுவர் இருக்கவேண்டிய இடத்தில், அதே தலையணையில், இன்னொரு தலை சாய்ந்திருந்தது.